குச்சி சிஸ்டரின் எடை

குப்பைமேட்டுக் குடிசைகளை இடிக்க வந்த காலையில், மருந்தறை வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்த குச்சி சிஸ்டரின் எடை ஒரு குன்றளவுக்குக் கூடியது. அதுவரை, காற்றடித்தால் சிஸ்டரைப் பிடித்து வைக்க ஆள் வேண்டும் என்றுதான் குப்பை பொறுக்கும் சனங்கள் கேலி பேசுவார்கள். பல வருஷங்களுக்கு முன் இன்னும் இரண்டு கன்னியரோடு வந்து, தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறையில் அவர் புண்களைக் கழுவிக் கட்டத் தொடங்கினார். கதவு எண் இல்லாதவர்களை ஆஸ்பத்திரி சேர்க்காது. சிஸ்டர் போய் நின்றால் சேர்க்கும், அவர் நகரமாட்டார் என்று அங்கே தெரியும். இப்போது அந்த இடத்தின் வழியாகப் பெரிய சாலை வரவேண்டியிருந்தது.

பெண் போலீசார் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தார்கள். பிறகு ஆண் போலீசார், பிறகு கயிறு. கடைசியில் வந்த கிரேனின் பின்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழுந்தன. சிஸ்டரோ, உடைந்த கண்ணாடி பொறுக்குகிற ஒருத்தியின் உள்ளங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். “கொஞ்சம் ஆட்டாம இருங்கப்பா, கட்டு கோணுது” என்றார்.

இடிக்க வந்த அதிகாரி, சிஸ்டரின் தலைமை மடத்துக்குப் போன் போட்டார். மடம் கட்ட நினைத்திருந்த புது ஆஸ்பத்திரிக்கு நிலம் தருவது அந்த அதிகாரி கையில் இருந்ததால், மடத்துத் தலைவியான மதர் உடனே காரில் வந்து இறங்கினார்.

“எழுந்திரு. இது என் உத்தரவு.”

சிஸ்டர் அன்று முதல்முறையாகப் பயந்தார். கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்தவர் அவர். கழுத்து நரம்பு புடைக்க முக்கினார். “நெசமாவே எழுந்திருக்கத்தான் பாக்கறேன் மதர். முடியல.”

தூக்கிவிடக் குனிந்த மதர், பின்னால் மூட்டையும் கைக்குழந்தையுமாக நின்ற கண்ணாடி பொறுக்குகிறவளைப் பார்த்தார்.

“நீ எங்கம்மா போவே?”

“போகச் சொன்னவங்க அதச் சொல்லலையே மதர்.”

 மதர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அங்கியைச் சேர்த்துப் பிடித்தபடி சிஸ்டரின் பக்கத்தில் உட்கார்ந்தார். “பெரியவங்க நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்று அதிகாரி பதறினார்.

“முடிஞ்சா தூக்கிக்கோ” என்றார் மதர்.

தூக்க முடியவில்லை. கண்ணாடி பொறுக்குகிறவள் உட்கார்ந்தாள், அவள் மாமியார் உட்கார்ந்தாள், பழைய இரும்புக்காரி உட்கார்ந்தாள். மதியத்துக்குள் மேடு முழுவதும் உட்கார்ந்துவிட்டது. நிலம் ஒரு சாண் இறங்கியதில் அதிகாரியின் ஜீப் தானாகவே அவர்கள் பக்கம் உருண்டு வந்தது. பசித்தபோது பெண்கள் சாதாரணமாக எழுந்துபோய் உலை வைத்துவிட்டு வந்தார்கள். பிறர் எழுப்பினால்தான் அசையவில்லை.

சாலை அந்த இடத்தில் வளைந்து போனது. குடிசைகளுக்குக் கதவு எண் வந்தது, குழாய் வந்தது. ஆஸ்பத்திரி நிலம் கைவிட்டுப் போனதைப் பற்றி மதர் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. குச்சி சிஸ்டர் காலமான பிறகும் அந்த எடை பெண்களிடம் தங்கிவிட்டது. வேறு ஊர்களில் யாரையாவது காலி செய்யச் சொன்னால் அந்தச் சனங்கள் இப்போதெல்லாம் இங்கேதான் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறார்கள். யாருக்கு அன்று வேலை இல்லையோ அவள் புறப்பட்டுப் போகிறாள். பஸ்ஸில் சன்னலோரமாக உட்காருகிறாள். கண்டக்டர் ஓர் ஆளுக்கான டிக்கெட்டைத்தான் கிழிக்கிறார்.