ஆரஞ்சுக் கூட்டத்தில் ஓர் ஊதா

மீனுக்கு நிற அட்டையைக் காட்டிப் புத்தி சொல்ல முடியுமா? முடியும் என்று நம்பிய ஒருவர் எங்கள் கடைக்கு வந்தார். கையில் ஒரு கொத்து அட்டைகள். விசிறி போல விரித்து, இரண்டை உருவி என்னிடம் நீட்டினார். ஒன்று ஆரஞ்சு, மற்றது வெளிர்பச்சை.

"நாற்காலி இந்த ஆரஞ்சு, சுவர் இந்தப் பச்சை. தொட்டிக்குள்ளயும் இந்த ரெண்டுதான் இருக்கணும். மூணாவதா ஒரு நிறம் தெரிஞ்சாலும் மொத்த ஹாலும் கெட்டுப்போயிடும்."

அவர் உள்ளலங்காரம் செய்பவர். புதிதாகத் திறக்கவிருந்த ஒரு கண் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம் அவர் பொறுப்பு. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவர் அட்டைக்காரர்.

வேறு சமயமாக இருந்தால், "பிளாஸ்டிக் மீன் வாங்கிக்குங்க, அதுதான் சொன்ன பேச்சைக் கேக்கும்" என்று அனுப்பிவைத்திருப்பேன். என் வாய் அப்படி. ஆனால் அப்போது தலைக்கு மேல் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

கடை என் அண்ணனுடையது. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். முன்பக்கத்தில் நல்ல தண்ணீர் மீனும் தீனியும் அவர் கவனிப்பார். பின்பக்கத்தில் கடல்மீனும் பவளமும் என் ராஜ்யம். அந்த ராஜ்யத்தைக் கலைத்துவிட்டு நாய்த் தீனி மூட்டைகளை அடுக்கப் போவதாக அவர் கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"விக்கலைன்னு சொல்லல சின்னவளே," என்பார். "அழகே இல்லையே! பவளம் பவளம்ங்கிற, எல்லாம் வெந்த கத்தரிக்கா கலர்ல கெடக்கு. முன்ன இருந்த மாதிரி இல்ல."

பிள்ளை மாதிரி வளர்த்த பவளத்தைப் பார்த்து வெந்த கத்தரிக்காய் என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆஸ்பத்திரித் தொட்டி சொன்னபடி அமைந்தால் பின்பக்கம் எனக்கு. சொதப்பினால் நாய்களுக்கு.

ஆகவே அட்டைகளை வாங்கிக்கொண்டேன்.

கடல்மீன் கடைகளில் நீல விளக்கு எரிவது சும்மா இல்லை. அந்த வெளிச்சத்தில் எந்தப் பவளமும் மினுக்கும்; வாங்கியவர் வீட்டு வெள்ளை விளக்கில் சாயம் வெளுத்துவிடும். அந்தக் கூடத்தில் மாட்டியிருந்த விளக்கு போலவே ஒன்றை நான் வாங்கிவந்து, ஒவ்வொரு பவளத்தையும் அதன் கீழே வைத்து, பக்கத்தில் அட்டையைப் பிடித்துப் பார்த்தேன். நல்ல பச்சை என்று நான் சத்தியம் செய்திருக்கக்கூடியவை பாதிக்கு மேல் பாசி நிறத்துக்குப் போயின. மிஞ்சியவற்றில், நீரோட்டத்துக்கு விரல் விரலாக ஆடும் ஒன்றும், புல் மாதிரி பாறையில் படரும் ஒன்றும் சுவரோடு சுவராகப் பொருந்தின. சட்டைப் பொத்தான் அளவில் பூக்கிற ஆரஞ்சுப் பவளத்தைப் பார்த்து அட்டைக்காரரே வாயைப் பிளந்தார்.

மீனில்தான் தகராறு. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் காட்டினேன்.

"பட்டை இல்லாம வராதா?" என்று கேட்டார்.

"வரும். நீங்க போய்த் தேய்ச்சு எடுத்துட்டு வாங்க," என்றேன். அண்ணன் முன்பக்கத்திலிருந்து இருமினார்.

கடைசியில் ஆன்தியஸ் மீன்களில் வந்து நின்றோம். பிறை மாதிரி வால், உடம்பெல்லாம் ஆரஞ்சு, எப்போதும் கூட்டமாகவே திரியும். அதில் ஒரு சங்கதி உண்டு. கூட்டத்தில் அத்தனையும் பெண். தலைமைக்கு ஒரே ஓர் ஆண். அந்த ஆண் மட்டும் பளிச்சென்று ஊதா. ஆணை எடுத்துவிட்டால், பெண்களில் துணிச்சலான ஒருத்தி கொஞ்ச நாளில் தானே ஆணாக மாறி, ஊதா உடுத்திக்கொண்டு தலைமைக்கு வந்துவிடுவாள். நாற்காலி காலியாக இருப்பதை அவர்களாலும் பொறுக்க முடியாது.

இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் ஊதாக்காரனை வலையில் பிடித்து வேறு தொட்டியில் விட்டேன். திறப்பு விழா வரைக்குமாவது தாங்கும் என்று ஒரு நப்பாசை.

"அவன எதுக்குத் தனியா பிரிக்கிற? எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார் அண்ணன். வம்புக்கு இழுக்கிறார் என்று நினைத்து வலையை அலசப் போனேன்.

நப்பாசை பலிக்கவில்லை. கூட்டத்திலேயே பெரியவள், தீனி போட்டால் முதலில் பாய்கிறவள், அவளுடைய துடுப்பில் ஒரு நாள் ஊதாப் பொட்டு விழுந்தது. பிறகு கன்னம். பிறகு முதுகு. திறப்பு விழா அன்று காலையில் ஆஸ்பத்திரித் தொட்டியில் அவள் முழு ஊதாவாக, பச்சைப் பவளத்துக்கு முன்னால் மாப்பிள்ளை மிடுக்கில் உலாத்திக்கொண்டிருந்தாள்.  சொன்னால் நம்பமாட்டீர்கள், அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அட்டைக்காரர் அட்டையும் கையுமாக வந்து நின்றார். பின்னாலேயே ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. வேடிக்கை பார்க்க அண்ணன்.

"அந்த ஊதா இப்பவே வெளிய போகணும்," என்றார் அட்டைக்காரர்.

"போகாது," என்றேன். "இவள எடுத்தா அடுத்தவ மாறுவா. அவளையும் எடுத்தா அதுக்கடுத்தவ. கடைசியில ஒரே ஒரு மீன் மிஞ்சும், அதுவும் ஊதாவா நின்னு உங்களப் பாத்துச் சிரிக்கும். நிறம் வேணும்னா சுண்ணாம்பு அடிச்சுக்கலாம் சார். இது குடும்பம். குடும்பத்தைப் பிரிக்க என் கையால முடியாது."

சொல்லி முடித்ததும் உடன்பாடு நினைவுக்கு வந்தது. போச்சு, என் பின்பக்கம் நாய்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

"எந்த ஊதா?"

"நடுவுல நிக்குதே சார்," என்றார் அட்டைக்காரர்.

"நடுவுல ஒரு பழுப்புதான் நிக்குது. எதுக்கு ஆளாளுக்கு ஊதா ஊதான்னு கத்துறீங்க?"

டாக்டரம்மா மீனைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, அவர் முகவாயைப் பிடித்துக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. எவ்வளவு நாளா இப்படி?"

"எப்படி? எனக்குத்தான் எல்லாம் தெரியுதே!"

"தெரியும். பழுப்புக் கண்ணாடி போட்ட மாதிரி தெரியும். நீலமும் ஊதாவும்தான் முதல்ல போகும். கொஞ்சம் கொஞ்சமா போறதால போனதே தெரியாது."

வெந்த கத்தரிக்காய்! எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அழகில்லை, முன்பு போல இல்லை என்று அவர் திட்டியதெல்லாம் என் பவளத்தை இல்லை. இத்தனை நாளும் அவரோடு மல்லுக்கு நின்றதற்குப் பதில் ஒரு தடவை கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

அட்டைக்காரர் மெல்ல, "அப்போ அந்த மீனு..." என்று இழுத்தார்.

"இருக்கட்டும்," என்றார் டாக்டரம்மா. "என் ஆஸ்பத்திரியில அதுக்கு வேலை இருக்கு."

அட்டைக்காரர் தொட்டியைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தார். என்ன நினைத்தாரோ, அடுத்த வாரம் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஓர் ஊதா நாற்காலி வந்து உட்கார்ந்தது.

அண்ணனுக்கு முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் கையைப் பிடித்துக் கூடத்துக்கு அழைத்துவந்தேன். தொட்டிக்கு முன்னால் நின்றவர் நகரவில்லை.

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அடியாத்தீ!" என்றார் அண்ணன். காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். "இவள இத்தன நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

பிறகு ஒரு காரியம் செய்தார். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடி இடது, மறுபடி வலது. சின்னப் பிள்ளை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். மூடிய கைக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது.

"தண்ணி படக் கூடாதுன்னு சொன்னாங்க, அழாதீங்க அண்ணே," என்றேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவேண்டியவர், சொல்லச் சொல்லக் கேட்காமல் கடைக்குப் போனார். பின்பக்கத்தில் ஒரு தொட்டி விடாமல் அதே மாதிரி கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தார். நான் சொதப்புவேன் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவைத்து, அதற்குள் வந்து இறங்கியிருந்த நாய்த் தீனி மூட்டைகள் சுவரோரம் இருந்தன. ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"இந்தக் கண்ணுக்கு நாய்த் தீனிதான் சரின்னு படுது," என்று இடது கண்ணைத் தொட்டார். "இந்தக் கண்ணு, செருப்பால அடிப்பேங்குது."

"எந்தக் கண்ணு பேச்சைக் கேக்கப் போறீங்க?"

அவர் போனை எடுத்து, மூட்டைகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பிறகு பின்பக்கச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி என் கையில் வைத்தார்.

"இனிமே நிறத்தைப் பத்தி நான் வாயத் திறக்கமாட்டேன் சின்னவளே."

"தாராளமா திறங்க," என்றேன். "இன்னொரு கண்ணும் ஆகட்டும்."