சாக்கு அடைத்த யன்னல்

என் தங்கை மரியநாயகிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த செய்தி கேட்டு நான் நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறியது எண்பத்தொன்பது தை மாதம். வீட்டுக்குள் கால் வைத்ததுமே எரிச்சல் வந்துவிட்டது. ஹெலிகொப்டர்ச் சூட்டுக்குப் பயந்து கூரைக்குச் சீமெந்துத் தட்டுப் போட்டுக் கட்டிய சின்ன அறையில் அவளைக் கிடத்தி, யன்னலுக்குச் சாக்கு அடைத்து, கதவு இடுக்கில் துணி திணித்து, கட்டிலுக்குக் கீழே சிரட்டைக்கரி நெருப்புச் சட்டியும் வைத்திருந்தார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் காற்றுப் படக்கூடாதாம்.

இரண்டு வருடத்துக்கு முன் இதே அறையில், இதேபோலக் கரிச்சட்டி வைத்திருந்தபோது, அவளுடைய மூத்த பிள்ளை பிறந்த சில நாளில் நித்திரையிலேயே செத்துப்போனது. வெக்கை தாங்காமல் அன்று கொஞ்ச நேரம் யன்னலைத் திறந்தவள் மரியநாயகி. அந்தக் குளிர்தான் பிள்ளையைக் கொன்றது என்று ஊர் முடிவு கட்டியது. புருசன் சில்வெஸ்ரரும் அதையேதான் சொன்னான். கோயில் வாசலில் அவளைக் கண்டால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை மறு இடுப்புக்கு மாற்றினார்களாம். அதனால்தான் இந்தமுறை இவ்வளவு இறுக்கம்.

தலை இடிக்கிறது, குமட்டிக்கொண்டு சத்தி வருகிறது என்று அவள் முனகினாள். குளிர் உள்ளே போய்விட்டது என்று மாமியார் அன்னமுத்து சட்டியில் இன்னும் கரி போட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் தலை கனத்தது. முற்றத்தில் போய் நின்றேன், தெளிந்தது. திரும்ப உள்ளே போனேன், திரும்பவும் கனத்தது. குளிர் பிடிக்க நான் என்ன பிள்ளையா பெற்றேன்? யாழ்ப்பாணத்தில் நான் வேலை பார்த்த பிரசவ விடுதியில், பூட்டிய அறையில் கரிச்சட்டி வைத்த ஒரு குடும்பத்தை டொக்டர் கிழிகிழியென்று கிழித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. புகையும் மணமும் இல்லாத ஒரு நச்சுக்காற்று அதிலிருந்து வரும் என்றார் அவர்.

சட்டியை வெளியே இழுத்தேன், சாக்கைப் பிய்த்தேன். தாயையும் பிள்ளையையும் விறாந்தைக்குக் கொண்டுவந்து கிடத்தினேன். இரண்டாவதையும் கொல்ல வந்தவள் என்று அன்னமுத்து என்னைத் திட்டினாள்.

சத்தம் கேட்டு சில்வெஸ்ரர் வந்தான். அவன் பாழ்கிணறுகளில் இறங்கிச் சேறு அள்ளுகிறவன். முதலில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பான், கெட்ட காற்றில் அது அணைந்து நூர்ந்தால் இறங்கமாட்டான். அறைக்குள்ளும் தினமும் விளக்கு வைத்துப் பார்த்தானாம்.

"விளக்கு வடிவாத்தானே எரிஞ்சது, மச்சாள். கெட்ட காத்தெண்டால் நூந்திருக்கும்."

"கிணத்துக் காத்து வேற, இது வேற. இது விளக்கை நூக்காமலே ஆளைக் கொல்லும். நம்பாட்டி நீரே உள்ள இருந்து பாரும்."

இருந்தான். சட்டி, விளக்கு, சாக்கு எல்லாவற்றையும் பழையபடி வைத்துக் கதவைச் சாத்தினேன். என் கோபத்துக்கு அவன் அங்கேயே கிடக்கட்டும் என்றுகூட இருந்தது. ஆனாலும் கதவில் கை வைத்தபடி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருதரம் பதில் வரவில்லை. கதவைத் தள்ளினேன். தவழ்ந்து வந்து வாசற்படியில் சத்தி எடுத்தான். உள்ளே விளக்கு ஆடாமல் அசையாமல் எரிந்தது.

ஐயோ குளிர் பிடித்துவிட்டது என்று அன்னமுத்து அவனுக்கு அந்தச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள். காலால் எத்தினேன். நெருப்பு முற்றமெல்லாம் சிதறியது.

சில்வெஸ்ரர் நிலத்தில் இருந்து மூச்சு வாங்கினான். பிறகு மெல்ல என்னைப் பார்த்தான்.

"அப்ப, மூத்தவன்?"

அவனே யோசிக்கட்டும். அன்று அந்த யன்னல் திறந்திராவிட்டால் தாயும் போயிருப்பாள். அவளைத்தான் இவர்கள் இரண்டு வருடமாகக் கொலைகாரி ஆக்கி வைத்திருந்தார்கள். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு இரக்கம் வரவில்லை.

மரியநாயகி பாயில் எழும்பி இருந்து புருசனைப் பார்த்தாள். பிள்ளை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"வாற ஞாயிறு பூசை முடியக் கோயில் வாசலில நிண்டு சொல்லுங்கோ, நான் கொல்லேல்லையெண்டு."

"சனத்துக்கு இது விளங்காது, நாயகி."

"அப்ப விளங்கும்வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் நிண்டு சொல்லுங்கோ."