பதினாறு கிலோ

…தோளின் மேல் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள், அவளுடைய தோளின் மேல், எட்டு வயதுப் பெண், இரண்டு கால்களும் அந்தக் கழுத்துக்கு இருபுறமும் தொங்க, கொய்யாக் கிளையை எட்டி இழுத்துக் காய் பறிக்கிறாள், கீழே நிற்கிறவள் ஆடவில்லை, ஒரு கையால் மிருதுளாவின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையில் போனை வைத்து யாரிடமோ சாவகாசமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள், வடவள்ளியில் அந்த வீட்டு கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் பெயர் ஹேமலதா, நானும் தாமோதரனும் பிரிந்த பிறகு அவர் கட்டிக்கொண்டவள், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வெள்ளிக்கிழமை மாலை மிருதுளா அங்கே போவாள், ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கூட்டிவருவேன், அப்படித்தான் பேச்சு. அவரை அவள் எடுத்துக்கொண்டதில் எனக்குப் பொறாமை இல்லை, சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், அவர் குறட்டையும் அவர் கோபமும் அவளுக்கே இருக்கட்டும் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் அந்தச் சாயங்காலம், என் வயிற்றில் உதைத்த கால்களை இன்னொருத்தி பூமாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சுக்குள் ஏதோ தீய்ந்தது, வீடு வந்து சேரும்வரை அந்த வாடை போகவில்லை. வழியெல்லாம் மிருதுளா என் முதுகுக்குப் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள், சித்தி என்னை ஒத்தக் கையில தூக்குவாங்கம்மா, சித்திகிட்ட கைப்பிடி வெச்ச இரும்புக் குண்டு இருக்கு, கெட்டில்பெல்லுன்னு பேரு, பன்னெண்டு கிலோ, காலைல அதை முன்னாடியும் பின்னாடியும் ஆட்டுவாங்க, உஸ்ஸு உஸ்ஸுன்னு பாம்பாட்டம் மூச்சு விடுவாங்க, நீ ஏம்மா என்னைத் தூக்கறதே இல்ல. நீ பெரிய புள்ள ஆயிட்டே சாமி என்றேன். சிக்னலில் வண்டி நின்றது. அங்க மட்டும் நான் சின்னப் புள்ளையா என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, பல் தேய்க்கப் போனவளை வழிமறித்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், முழங்கால் உயரம் வந்தாள், அதற்குமேல் என் இடுப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு பேருமாகக் கட்டிலில் விழுந்தோம், விளையாட்டு என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன், பிறந்த அன்று நர்ஸ் கையில் கொடுத்தபோது ஈரத் துண்டின் கனம்கூட இல்லை, மஞ்சள் காமாலை என்று நீல விளக்கடியில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்திருக்கிறார்கள், தூக்கக் கூடாது என்கிறார்கள், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வெறுங்கையோடு நிற்கிறேன், அந்த வெறுங்கையை இப்போது மறுபடி யாரோ என்னிடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாளே அலுவலகத்திலிருந்து நேராகக் காந்திபுரம் போனேன், விளையாட்டுச் சாமான் விற்கிற சின்னக் கடை, கேரம் போர்டுகளுக்கும் கிரிக்கெட் மட்டைகளுக்கும் நடுவே கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், கெட்டில்பெல் வேணுமுங்க என்றதும், வூட்டுக்காரருக்குங்களா அம்முணி என்றார். எனக்குத்தானுங்க. அப்படின்னா எட்டு கிலோ போதுமுங்க, பழகப் பழக மேல போயிக்கலாம். பன்னெண்டுக்கு அடுத்தது என்னங்க என்று கேட்டேன். பதினாறுங்க. அதைக் குடுங்க என்றேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், உள்ளே போய் எடுத்துவந்து தரையில் வைத்தார், கறுப்பாக, பெயிண்ட் வாடையோடு, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முறைக்கிற ஏதோ ஒன்று. ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே வைத்து வந்தேன், முதல் பிரேக்கிலேயே உருண்டு வந்து கணுக்காலில் இடித்தது, எங்கள் குடியிருப்பில் லிப்ட் கிடையாது, மூன்றாவது மாடி, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்து, திருட்டுப் பொருளைக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுபோனேன்.

விடிந்ததும் போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்துத் தூக்கி ஆட்டினேன், எத்தனாவது ஆட்டம் என்று நினைவில்லை, முதுகின் அடியில் சுளீரென்றது, அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு பம்பு கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை, அன்றைக்கெல்லாம் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து ஆமாங்க சொல்லுங்க என்றேன், பல்லடத்துப் பக்கமிருந்து ஒருத்தர், மோட்டார் நல்லா ஓடுதுங்க, சத்தமெல்லாம் வருது, தண்ணி மட்டும் ஏற மாட்டேங்குதுங்க என்றார், எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்தது. அந்த இரும்புக் குண்டு சமையலறைக் கதவோரம் உட்கார்ந்துகொண்டது, காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ள மட்டும் உதவியது. மிருதுளாதான் அதைக் கண்டுபிடித்தாள், அம்மா, இது சித்தியோடதை விடப் பெருசு என்றாள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் என்று அப்போது தெரிந்தது, தூக்கிக் காட்டு என்றாள், குனிந்து தூக்கினேன். அப்படியில்லம்மா என்று ஓடிவந்தாள். முதுகை வளைக்கக் கூடாது, பின்னாடி தள்ளணும், ரெண்டு கையிலயும் பையி இருக்கறப்ப கார் கதவை எதால சாத்துவ, அதால சாத்தற மாதிரி, என்று பாவாடையோடு பின்பக்கத்தைத் தள்ளி நின்று காட்டினாள், முதுகு பலகை மாதிரி நேராக இருந்தது. யாரு சொன்னது என்று கேட்டேன், தெரிந்தே கேட்டேன். சித்திதான். என் சமையலறையில், என் மகள் வாய் வழியாக அவள் பேசிக்கொண்டிருந்தாள், இரும்பைத் தூக்கி ஜன்னல் வழியே எறியத் தோன்றியது, எறிவதற்காவது முதலில் தூக்கவேண்டுமே, இல்லாத ஒரு கார்க் கதவைப் பின்னால் சாத்தினேன், குண்டு தானாக எழுந்து வந்தது, முதுகில் ஒன்றுமே இல்லை, தொடைகள் மட்டும் விழித்துக்கொண்டன. அவள் சொன்னது சரியாக இருந்தது, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் கேட்க ஆரம்பித்தேன், கேட்காத மாதிரி கேட்டேன், வெள்ளிக்கிழமை தலை பின்னிவிடும்போது, உங்க சித்திக்கு உள்ளங்கையெல்லாம் காய்ச்சுப் போகாதா, தோள்பட்டை வலிக்காதா என்பேன், ஞாயிற்றுக்கிழமை பதில் வரும், கைப்பிடிய நெரிக்கக் கூடாதாம்மா, விரல்ல மாட்டிக்கிட்டா போதுமாம். கை தூக்கறதே இல்லியாம், இடுப்புதான் தூக்குதாம், கை வெறும் கயிறாம். ஒரு ஞாயிறு, பையை வைத்துவிட்டு, சித்தி கேட்டாங்க, அம்மாவுக்குத் தோள்பட்டையில எந்தப் பக்கம் வலி என்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டேன். நீ போய் அங்க சொன்னியா. நீதானம்மா கேக்கச் சொன்ன. நான் எப்படீ சொன்னேன். சொல்லலதான், ஆனா கேட்டியே, என்றாள், அவள் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. அந்த வாரம் முழுக்க இரும்பைத் தொடவில்லை, ஹேமலதாவுக்குத் தெரிந்துவிட்டது, நான் இங்கே ஒவ்வொரு காலையும் அவளைப் பார்த்துத்தான் பல்லைக் கடிக்கிறேன் என்று தெரிந்துவிட்டது, தெரிந்தும் சிரிக்காமல் தோள்பட்டை எந்தப் பக்கம் என்று கேட்டனுப்பியிருக்கிறாள், அது இன்னும் எரிந்தது. பிறகு ஒரு காலை, பால் பொங்கக் காத்திருக்கையில், கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. கால்களுக்கு நடுவே போகிறது, இடுப்பு நிமிர்கிறது, குண்டு முன்னால் மிதந்து எழுகிறது, உச்சியில் ஒரு கணம் அதற்கு எடையே இல்லை, அந்தக் கணத்தில் அதற்கு ரெட்டைப் பின்னல் இருக்கிறது, முதுகில் பள்ளிப் பை இருக்கிறது, போகிறது, வெள்ளிக்கிழமை போய்விடுகிறது, ஞாயிறு முழு எடையோடு என்னிடம் திரும்பி வருகிறது, விடாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கனவில் ஒருநாள் ஹேமலதா என்னைத் தூக்கினாள், ஒரு கையால், வெகு சுலபமாக, தோளில் உட்காரவைத்துக்கொண்டாள், நான் கனமே இல்லாமல் கொய்யாக்காய் பறித்துக்கொண்டிருந்தேன், சந்தோஷமாக இருந்தேன், விழித்துக்கொண்டபோது அந்தச் சந்தோஷத்துக்காக என்னையே அறையவேண்டும் என்றிருந்தது.

தைப் பனி விலகிய ஒரு ஞாயிறு மதியம் போன் வந்தது, வடவள்ளி வீட்டு எண்ணிலிருந்து, அதில் எப்போதும் தாமோதரன்தான் பேசுவார், அன்று பெண் குரல், அக்கா, நான் ஹேமா பேசறேன், பயப்படாதீங்க, மிருதுவுக்குக் கால் பெரண்டுக்கிச்சு, டாக்டர்கிட்ட காட்டியாச்சு, எலும்புக்கு ஒண்ணுமில்லையாம், கட்டுப் போட்டிருக்காங்க, அவர் ஊர்ல இல்ல, நானே கார்ல கூட்டியாறேன். யாருக்கு யாரு அக்கா என்று நாக்கு நுனிவரை வந்தது, சரி என்று மட்டும் சொன்னேன். கீழே இறங்கி நின்றேன், கார் வந்தது, பின்சீட்டில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு என் மகள், ஹேமலதா இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள், அவள் குனிந்து அள்ளி எடுப்பாள், நான் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டியிருக்கும் என்று படியிறங்கும்போதே மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தேன், அவள் அசையவில்லை. தூக்குங்களேன், உங்களுக்கென்ன, ஒத்தக் கையில தூக்கறவங்களாச்சே என்றேன். அவள் காரைச் சுற்றி என் பக்கம் வந்தாள், குரலை இறக்கினாள், வெயிட் எதும் தூக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கக்கா, மூணாவது மாசம், போன தடவை ஒண்ணு தங்கல, மிருதுகிட்ட இன்னும் சொல்லல. அவள் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது, என் மகளைக் காருக்குள் ஏற்ற யாரையாவது தேடிக் கூப்பிட்டிருப்பாள், அந்தத் தோள்கள் வெறுமனே தொங்கின. எனக்குள் ஒன்று இறங்கியது, அதே மூச்சில் இன்னொன்று ஏறியது, அந்த வீட்டில் ஒரு குழந்தை வரப்போகிறது, ஈரத் துண்டின் கனம்கூட இல்லாத குழந்தை, அதைப் பார்க்க என் மகள் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருப்பாள், என் வீட்டில் அவளுக்கு என்ன இருக்கிறது, ஒரு இரும்புக் குண்டு. குனிந்தேன், பின்னால் ஒரு கதவைச் சாத்தினேன், வா சாமி என்றேன், இரண்டு கைகள் என் கழுத்தைச் சுற்றின, எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பது எனக்கே நான்கைந்து படி ஏறியபின்தான் உறைத்தது. அம்மா, நீ தூக்கிட்ட, என்று காதுக்குள் சொன்னாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் தொடைகள் நடுங்கத் தொடங்கின, பின்னால் ஹேமலதா மிருதுளாவின் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு ஏறி வருகிற சத்தம், நிற்கக் கூடாது, இவள் முன்னால் இறக்கி வைக்கவே கூடாது, கண் இருட்டுகிறது, அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல், மூச்சை அடக்காதீங்கக்கா, விடுங்க, உஸ்ஸுன்னு விடுங்க. இத்தனை மாதம் என் மகள் வாய்வழியாகவே வந்த பாடம், முதல்முறையாக அவள் வாயிலிருந்தே நேராகக் கேட்டேன், விட்டேன், அடுத்த படி வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. சித்தியும் இப்படித்தான் விடுவாங்க என்றாள் மிருதுளா என் தோளில் கன்னத்தை வைத்தபடி.

சோபாவில் படுக்கவைத்தேன். ஹேமலதா சமையலறைக் கதவோரம் போய் நின்றாள், மெல்ல உட்கார்ந்து கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டாள், பதினாறா என்றாள், நான் பன்னெண்டைத் தாண்டவே இல்லக்கா. தூக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள், பிறகு என் கைகளைப் பார்த்தாள், முழங்கைக்கு மேலே, தோள்வரை, நான் அவள் துப்பட்டா விழுந்திருந்த வயிற்றைப் பார்த்தேன், அங்கே இன்னும் ஒன்றும் தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கண்ணை எடுத்துக்கொண்டோம். மிருதுளா தண்ணி என்றாள், இருவரும் நகர்ந்தோம், அவள் நின்றுவிட்டாள், இது என் வீடு. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, பெத்த பெறகு மறுபடி தூக்க முடியுமாக்கா, நீங்க பெத்தவங்க, அதான் கேக்கறேன் என்றாள், அவள் தனக்காக என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி, அதில் பயம் இருந்தது. உடனே வேண்டாம் என்றேன், உடம்பு தேறட்டும், எட்டு கிலோல ஆரம்பிங்க, எப்படின்னு மிருதுகிட்ட சொல்லி அனுப்பறேன். நேராவே சொல்லலாமேக்கா என்றாள். பார்த்து எறங்குங்க என்றேன், அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். உள்ளே மிருதுளா, சித்திக்கு டாட்டா காட்டணும், தூக்கு என்று கைகளை நீட்டினாள், ஜன்னலண்டை தூக்கிப் போனேன், கட்டுப் போட்ட கால் என் இடுப்பில் இடிக்க, என் தோளுக்கு மேலாக எழும்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கீழே ஹேமலதா கார்க் கதவைத் திறந்தவள் ஏறாமல் நிமிர்ந்து பார்க்கிறாள், ஒரு கை தானாக வயிற்றுக்குப் போகிறது, கையசைக்க மறந்து பார்த்துக்கொண்டே நிற்கிறாள், அங்கிருந்து என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும், அது எங்கே எரியும் என்றும் தெரியும். அம்மா, கை நடுங்குதே, எறக்கி விட்டுடு என்றாள் மிருதுளா. இல்ல சாமி, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.