ரெண்டு வெள்ளிக் கால்

டிரைவர் சீட்டுல ஏறி உக்காந்தேன். எறங்கினேன். மறுபடி ஏறினேன். துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைச்சேன். கண்டக்டர் விநாயகம் மூணு தடவை விசில் ஊதிட்டான்.

"முருகையண்ணே, இன்னா தேடுறே? ஜனம் கூரை மேலகூட ஏறிடுச்சி" ன்னான்.

"உன் வேலையப் பாருடா" ன்னு எரிஞ்சி விழுந்தேன். அவன் மேல எனக்கு இன்னா கோவம்? என் கால் மேலதான் கோவம்.

அறுபத்தாறாம் வருஷத்து ஆடி அமாவாசை அது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு முழுக்க மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போற கூட்டம். சித்திரையில இதே ரோட்டுல, ஏரிக்கரை வளைவுல, ஆட்டு மந்தை குறுக்க வந்துச்சி. பிரேக்கை மிதிக்கவேண்டிய என் காலு ஒரு நொடி தாமசம் பண்ணிடுச்சி. வண்டி புளியமரத்துல மோதி நின்னுது. உசுரு யாருக்கும் போவலை. முன் சீட்டுல இருந்த விருத்தாம்பாளுக்கு மட்டும் முழங்கால் நொறுங்கிடுச்சி. நாத்து நடுற பொம்பளை. அப்புறம் அந்தம்மா சேத்துல எறங்கவே இல்ல.

அன்னியிலிருந்து ஸ்டியரிங்கைத் தொட்டாலே என் வலது கால் ஆடுது. மூணு மாசமா வண்டி எடுக்கலை. டாக்டர் கால்ல ஒண்ணுமில்லைன்னுட்டாரு. இன்னிக்கு அமாவாசை ஸ்பெஷல் வண்டிய எடுக்கலைன்னா இனிமே ஷெட்டுப் பக்கம் வராதேன்னு முதலாளி தீர்த்துச் சொல்லிட்டாரு. பதினோரு வருஷமா ஓட்டுறேன். வேற தொழில் எனக்குத் தெரியாது.

விநாயகம் கற்பூரம் கொளுத்தி, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சான். நான் கண்ணை மூடினேன். கும்பிடலை, சண்டை போட்டேன். 'அங்காளம்மா, இத்தினி பேரு உன்னைப் பார்க்கத்தான் வர்றாங்க. இவங்களை ஏத்திக்கினு வர்றவன் கால் மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா? என்னால முடியலடி தாயே.'

கண்ணைத் தொறந்தா, கூட்டத்தை விலக்கிக்கினு, கோலை ஊனிக்கினு விருத்தாம்பா வருது. திட்டட்டும், மண்ணை வாரித் தூத்தட்டும்னு தலையைக் குனிஞ்சிக்கினேன். கோலைப் பார்த்துட்டு யாரோ எழுந்து எடம் விட, அந்தம்மா ஏறி என் சீட்டுக்குப் பின்னாலேயே உக்காந்துச்சி.

"இந்த வண்டி வேணாம்மா. அடுத்த வண்டியில வா" ன்னேன்.

"ஏன்?"

"கால் நடுங்குது. பயமா இருக்குது." மூணு மாசத்துல அதை வாய்விட்டுச் சொன்னது அப்பத்தான்.

"உன் கால் ஆடுற கதை செஞ்சிக்கே தெரியும் டிரைவரே. எனக்கு மட்டும் பயமில்லையா? இங்க பாரு." கம்பியைப் பிடிச்சிருந்த அந்தம்மா கை வெடவெடன்னு ஆடுது.

அப்புறம் முந்தானை முடிச்சை அவுத்துச்சி. கோயில்ல காணிக்கை போடுற வெள்ளித் தகட்டுக் கால், சின்னதா, ரெண்டு இருந்துச்சி.

"உனக்கு ஒரு கால்தானே நொறுங்குச்சி?" ன்னு கேட்டேன்.

"ஒண்ணு என்னுது. இன்னொண்ணு உன்னுது. ரெண்டையும் அவ காலடியில போட்டுட்டு அவளையே கேப்போம். நமக்கு வேற யாரு இருக்கா? எடுய்யா வண்டிய."

எனக்கு அழுகை வந்துடுச்சி. துண்டால மூஞ்சைத் துடைச்சிக்கினு வண்டியக் கிளப்பினேன்.

ஏரிக்கரை வளைவு வந்துச்சி. கால் ஆடுறது நின்னுச்சின்னு சொன்னா பொய். ஆடிக்கினுதான் இருந்துச்சி. 'தாயே, நீ மிதி' ன்னு சொல்லிக்கினே மிதிச்சேன். வண்டி அடங்கி, வளைஞ்சி, புளியமரத்தைத் தாண்டிடுச்சி.

அதுவரைக்கும் பிடிச்சி வச்சிருந்த மூச்சை விருத்தாம்பா விட்டது பின்னால கேட்டுச்சி.

"திரும்பி வர்றப்பவும் உன் வண்டியிலதான் வருவேன்" னுச்சி. "எடம் போட்டு வை."