ஜாலரா போடாதவள்

குன்வோர் வீட்டைப் பூட்டினால், நாலு அடி போய்த் திரும்பி வந்து ஒரு தடவை கதவை இழுத்துப் பார்ப்பாள். பனிச்சறுக்குக் கட்டைகளைத் துடைத்து மெழுகு தடவாமல் உள்ளே வைக்க மாட்டாள். ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய ஜாலராவுக்கு இவளைப் போல் பொருத்தமான ஆள் மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்த அந்த ஃபியோர்டின் கரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

அந்த வருடப் போட்டிப் பாட்டில் ஜாலராவுக்கு ஒரே ஒரு அடிதான். அதுவரை சும்மா நின்று எண்ண வேண்டும். மற்றவர்கள் எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டு, இசை நடத்துனர் தூர்மோடின் கையை மட்டும் பார்த்தார்கள். குன்வோர் கையையும் பார்ப்பாள், உதடு அசைய நாலு நாலாக எண்ணவும் செய்வாள்.

"என்ன குன்வோர், ஜெபம் பண்றியா?" என்பான் கார்னெட் என்ற சின்ன ஊதுகுழல் வாசிக்கும் ஆஸ்லே. "அவர் கை காட்டினா அடிச்சுட்டுப் போயேன்."

"காட்டுறப்ப நான் தயாரா நிக்க வேண்டாமா?"

"தூர்மோடுக்கு நல்லாத்தான் ஜாலரா போடுறே, போ!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்ததில் எண்ணிக்கை தவறியதற்காக வீட்டுக்குப் போய்த் தனியாக ஒரு முறை முழுப் பாட்டையும் எண்ணினாள்.

தூர்மோட் சின்ன வயது, முன்கோபி. "நான் கை காட்டாம யாரும் மூச்சுகூட விடக் கூடாது" என்பதுதான் அவனுடைய ஒரே சட்டம். அதையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் குன்வோர் ஒருத்திதான்.

பேர்கன் நகரத்தில் போட்டி. இந்த முறை கடைசியாக வந்தால் மூன்றாம் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். எதிர்க்கரை ஊரின் குழு அங்கேதான் கிடக்கிறது. அவர்களோடு போய்ச் சேர்ந்து அவர்கள் வாயில் விழுவதற்கு, வாத்தியங்களைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம்.

பாதிப் பாட்டு வரை தேன். பிறகு எல்லாம் அடங்கி, பெரிய ட்யூபாக் குழல்கள் மட்டும் அடியில் முழங்க, ஆஸ்லே தனியாக வாசிக்கும் இடம் வந்தது. பயல் பதற்றத்தில் எட்டு எண்ணிக்கை முன்னாலேயே ஊதிவிட்டான். குழுவே அவன் பின்னால் ஓடியது. ட்யூபாக்காரர்கள் மட்டும் பழைய எண்ணிக்கையிலேயே நின்றார்கள். முகம் வெளுத்துப் போன தூர்மோட், ஆஸ்லேதான் சரி என்று நினைத்து அவனைத் துரத்திக்கொண்டு போனான். போய், இடக்கையை உயர்த்தி நேராகக் குன்வோரைக் காட்டினான். அடி!

அவள் கைகள் விரிந்தே விட்டன. ஆனால் எண்ணிக்கை முடியவில்லை. காட்டிய கைக்கு மறுப்புச் சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை. எண்ணி முடிக்காமல் ஒன்றைச் செய்தும் பழக்கமில்லை. இப்போது அடித்தால் ட்யூபாக்கள் அந்தரத்தில் நிற்கும், அப்புறம் குழு ஒன்று சேர இடமே இருக்காது.

மேடையில், நடுவர்கள் முன்னால், நடத்துனரைப் பார்த்து 'மாட்டேன்' என்று தலையசைத்தாள்.

தூர்மோட் வாய் பிளந்தான். மறுபடி காட்டினான். அவள் மறுபடி தலையசைத்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் ஆஸ்லே நிறுத்திவிட்டான். ஒவ்வொருவராக மற்றவர்களும் நிறுத்தினார்கள். ட்யூபாக்கள் மட்டும் அடிக்குரலில் போய்க்கொண்டிருந்தன. ஏழு. எட்டு.

குன்வோர் இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள்.

அந்த அடிக்குப் பின் அணிவகுப்பு மெட்டு வரும் என்பது குழுவில் எல்லோருக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். அத்தனை வாத்தியமும் ஒரே மூச்சில் எழுந்தது. கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். குன்வோருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் பரிசு! "ஜாலராவுக்கு முன்னாடி எல்லாத்தையும் அடக்கிட்டு, ட்யூபாவை மட்டும் தனியா விட்டீங்களே, என்ன ஒரு துணிச்சல்!" என்று நடுவர் ஒலிபெருக்கியில் உருகினார். காது சிவக்கக் கோப்பையை வாங்கிக்கொண்ட தூர்மோட், நேராகக் குன்வோரிடம் வந்தான்.

"நான் ரெண்டு தடவை கை காட்டினேன்."

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா அடிக்கல?"

"நீங்க தப்பாக் காட்டினீங்க."

முதலில் வெடித்துச் சிரித்தவன் ஆஸ்லே. "இவளையா நான் ஜாலரான்னு சொன்னேன்!"

"ஆமா," என்றான் தூர்மோட், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பாத்தான் காட்டினேன்." கோப்பையை அவள் கையில் கொடுத்தான். குன்வோர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.