பீப்பாய் செய்த தப்பு

1.
இது என் அக்காவின் கதை. கல்லூரியில் கணக்கு வாத்தியார். ஒருநாள் அவள் புலம்பியதைக் கேட்டுவிட்டு நான் எழுத உட்கார்ந்தேன். 'கணிதம் பிரபஞ்சத்தின் மொழி, அதைக் கற்பிப்பவர்கள்...' வேண்டாம். இப்படித் தொடங்குகிறவர்கள் யாரும் விடைத்தாள் திருத்தியவர்கள் இல்லை.

2.
நுண்கணிதம் வாழ்க்கைக்கு எப்படியெல்லாம் பயன்படுகிறது என்று அவளுடைய துறைத்தலைவர் தலையணை கனத்துக்கு ஒரு பாடப்புத்தகம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு கணக்கு: இருநூறு லிட்டர் பீப்பாயின் அடிக்குழாயைத் திறந்ததும் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் வருகிறது. எப்போது காலியாகும்? விடை, ஐம்பது நிமிடம்.

(இதற்கு வகுத்தல் போதும். அவர் ஒன்றரைப் பக்கம் தொகையீடு, அதாவது இன்டெக்ரேஷன், போட்டிருக்கிறார்.)

அக்கா வகுப்பையே வெளியே கூட்டிப்போய் நிஜப் பீப்பாயைத் திறந்துவிட்டாள். மட்டம் இறங்க இறங்கத் தண்ணீரின் வேகமும் இறங்கியது. ஐம்பதாவது நிமிடத்தில் கால் பீப்பாய் மிச்சம். காலியாக நூறு நிமிடம் பிடித்தது. வேகம் குறைவதையும் சேர்த்து ஒழுங்காகத் தொகையீடு செய்தாலும் அதே நூறுதான்.

தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கணக்கு சரிதாம்மா. உங்க பீப்பாய்தான் தப்பு."

3.
தேர்வில் அதே கணக்கு வந்தது. பீப்பாயைச் சுற்றி நின்று பார்த்த அத்தனை பேரும் ஐம்பது என்று எழுதினார்கள். பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள். ஒருத்தி மட்டும் நூறு. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். பீப்பாயைத் திறந்த அன்று நேரம் குறித்ததால் 'ஸ்டாப்வாட்ச்' என்று பெயராகிவிட்டது. தலைவர் சுழி போட்டார். மூன்று மதிப்பெண்ணில் தோற்றாள். மதிப்பெண் பட்டியலில் அக்காவும் கையெழுத்திட வேண்டும்.

(முடிவு ஒன்று: தலைவர் தன் தவறை உணர்ந்து கண் கலங்கி... அந்த மனிதரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். முடிவை அடித்துவிட்டேன்.)

(முடிவு இரண்டு: அக்கா பட்டியலைக் கிழித்து அவர் மேசைமேல்...)

இந்த இடத்தில் அக்கா தாளைப் பிடுங்கிப் படித்தாள்.

"நான் எங்கடா கிழிச்சேன்? கையெழுத்துப் போட்டேன். அப்படியே எழுது."

பேனா எழுதவில்லையாம். தலைவரிடமே இரவல் வாங்கிப் போட்டிருக்கிறாள்.

4.
ஸ்டாப்வாட்ச் மறுபடி தேர்வு எழுதப்போகிறாள். நேற்று அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், இந்தத் தடவை அம்பதுன்னே எழுதிடட்டுமா?"

என்ன பதில் சொன்னாய் என்று கேட்டேன். அக்கா சொல்ல மறுத்துவிட்டாள். அவள் சார்பில் நானே வீரமாக ஒரு பதில் எழுதினேன். இரண்டாம் தடவை தோற்கப்போவது நானில்லையே, வீரத்துக்கு என்ன குறைச்சல்? அதையும் அடித்தாயிற்று.

அந்தப் பெண் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள்.