கரைப்பக்கத்து ஆள்

வீரபாகு திரும்பி வரப்போகிறான் என்ற செய்தி தெருவுக்குள் நுழைந்தபோது ரேணுகாம்பாள் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். செய்தியைக் கொண்டுவந்தவள் லோகாம்பாள் அத்தை, வீரபாகுவைப் பெற்றவள். எதிர் வீட்டிலிருந்து வர எட்டு அடி போதும். அதையும் அத்தை ஓடியே வந்தாள். கையில் நீல நிற இன்லண்டு கடிதம்.

"ரேணு, நாடாவைக் கீழ வெச்சுட்டு இதைக் கேளும்மா. என் புள்ள டி.வி.ல வர்றான்!"

"மாமா நடிக்குதா இன்னா?"

"நடிக்கல, எழுதிக்கிறான். கிறிஸ்துமஸ் அன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு, மெட்ராஸ் டி.வி.ல அரை மணி நேர நாடகம். யார் கதை தெரியுமா? உன் கதை! உன் பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு நேர்லயே வர்றானாம். தைல முகூர்த்தம் பாருன்னு எழுதிக்கிறான்."

ரேணுவின் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனுசாமி தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவன் கை ஒரு ஓட்டம் நின்றுபோனது ரேணுவுக்குத் தெரிந்தது. தெரியாமல் போகுமா? அது கோர்வைத் தறி. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்கிறவர் நூல் சுற்றிய உடல் நாடாவை ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் கரை நாடாவைத் தள்ளி அதோடு கோத்துவிட வேண்டும். ஒருவர் கை நின்றால் அடுத்தவர் கையும் நின்றாக வேண்டும். ஒற்றை ஆளால் ஆகிற வேலையே இல்லை.

எல்லா வீட்டிலும் ஆண்பிள்ளை நெய்வான், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கரை போடுவாள். இந்த வீட்டில் தலைகீழ். அப்பா செத்த பதினாறாம் நாள் ரேணுவே தறியில் இறங்கினாள். கரைப்பக்கம் உட்கார ஆள் கிடைக்காமல் திண்டாடியபோது பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தவன் முனுசாமி. பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவன். உழவு தெரியும், நெசவு தெரியாது. வந்து கற்றுக்கொண்டான். ஆறு வருஷமாகிறது. பொம்பளைக்குக் கரை போடுகிற ஆம்பளை என்று தெரு அவனுக்குக் 'கரைச்சாமி' என்று பட்டம் கட்டியது. அவன் அதற்கும் "இன்னாபா?" என்று திரும்பிப் பார்ப்பான்.

போன தை மாசம், ஒரு சேலையை அறுத்து இறக்கிய அன்றைக்கு, அவன் கேட்டான்: "ரேணு, நாம கட்டிக்கலாமா?"

"ஊரு இன்னா சொல்லும் முனுசாமி? நீ கூரத்தாளு, நாங்க தறிக்காரங்க. அத்தை உசுரை விட்டுடும்" என்றாள் அவள். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல வந்து கரை நாடாவை எடுத்தான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை அதைப்பற்றி இல்லை. வேறு யாராவது என்றால் கோபித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

ஓடுவதில் வீரபாகுவை மிஞ்ச ஆள் கிடையாது. அறுபத்தஞ்சாம் வருஷம், மிஷன் காம்பவுண்டில் கிறிஸ்துமஸ் நாடகம். ஊரில் நடிப்பு ஆசை இருக்கிற பிள்ளைகள் எல்லாம், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், அங்கே போய் வேஷம் கட்டுவார்கள். வீரபாகு கிழக்கிலிருந்து வந்த ராஜா. ரேணு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தேவதை. அத்தை மகன், மாமன் மகள், இரண்டு நாளில் நிச்சயதாம்பூலம். நாடகம் முடிந்த அன்றைக்கே ராஜா உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஒட்டுத்தாடியைக்கூட எடுக்காமல், மெட்ராஸ் பஸ் ஏறிவிட்டான். நாடகம் எழுதப் போகிறானாம். நிச்சயத்துக்கு வாங்கிய ஒரு கவுளி வெற்றிலையும் அவமானமும் ரேணு வீட்டுக் கூடத்தில் கிடந்தன.

பதினோரு வருஷம். இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு. லெட்டர் வந்த நாளிலிருந்து தெருவில் ஒருத்தரும் 'நீ என்ன நினைக்கிறே' என்று அவளைக் கேட்கவில்லை. என்ன கலர் சேலை கட்டப்போகிறாய் என்று கேட்டார்கள். சிநேகிதி காந்தா மட்டும் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"ரேணு, நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு அத்தினி பேரு எதிர்ல அவன் கேட்டான்னு வை, 'சரி'ன்னு வாய்ல தானா வந்துரும். கூட்டம் அப்படித்தான் புடிச்சுத் தள்ளும்."

"தெரியும்டி" என்றாள் ரேணு. அந்த பயம்தான் அவளுக்கும். வீரபாகுவைப் பற்றி இல்லை, தன் வாயைப் பற்றி.

எழுபத்தாறு கிறிஸ்துமஸ். அந்த வட்டாரத்தில் டி.வி. இருந்த ஒரே வீடு பட்டு நூல் வியாபாரி வர்த்தமானன் வீடு. சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிட்டு அவர் மொட்டை மாடிக்கு ஏறினார், தென்னை மர உயரத்துக்கு நட்டிருந்த ஆன்டெனா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ள. அதை யாராவது பிடித்துக்கொண்டு நின்றால்தான் மெட்ராஸ் காஞ்சிபுரத்துக்கு வரும். கூடத்தில் அறுபது பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"தெரியுதாப்பா?" என்று மேலிருந்து குரல்.

"புள்ளி புள்ளியா அரிசி கொட்டுது! கொஞ்சம் கிழக்க திருப்புங்க!"

"இப்போ?"

"தலை தெரியுது, கழுத்து இல்ல!"

வீரபாகு வந்து இறங்கினான். தொளதொளத்த பெல்பாட்டம், காதோரம் இறங்கிய கிருதா, கையில் பெரிய அட்டைப்பெட்டி. மெட்ராஸிலிருந்து கிறிஸ்துமஸ் கேக். பெருமையாக அதை வீட்டுக்கார அம்மாள் சாந்திமதியிடம் நீட்டினான்.

"முட்டை போட்டதாப்பா?"

"கேக்குன்னா முட்டை இல்லாமலா, அம்மா?"

"அப்போ வெளியவே இருக்கட்டும்" என்றாள் அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே. கேக் வாசலுக்குப் போனது, செருப்புகளுக்குப் பக்கத்தில். அங்கே நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்த முனுசாமியிடம் யாரோ சொன்னார்கள்: "கரைச்சாமி, நாய் வராம பாத்துக்கோ."

வீரபாகு ரேணுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கூட்டமே வழிவிட்டது. "நல்லா இருக்கியா ரேணு?" என்று மெல்லக் கேட்டான். குரல் மாறவே இல்லை. அதுதான் கஷ்டம். அந்தக் குரலை அவள் ஒரு காலத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவிலும் பொறுக்கியெடுப்பாள்.

"இருக்கேன் மாமா" என்றாள்.

படம் தெளிந்தது. மாதா கோயில் மணி, ஜன்னலில் காகித நட்சத்திரம். கனகா என்று ஒருத்தி, கன்னத்தில் அரை டப்பா பவுடரோடு, தறியில் உட்கார்ந்து நெய்கிறாள். அவளை விட்டுவிட்டுப் பட்டணம் போனவனுக்காகக் காத்திருக்கிறாள். அவன் வருகிற நாளில் கட்டிக்கொள்ள, பத்து வருஷமாக ஒரே ஒரு கல்யாணச் சேலை. முழங்கை அகலத்துக்குக் கோர்வைக் கரை. கூடத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அத்தை கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மூன்றாவது வரிசையிலிருந்து அர்ஜுனன் மேஸ்திரி கத்தினார். "யோவ், நிறுத்துய்யா! கரை போட ஆள் எங்க?"

"ஷ்!"

"இன்னா ஷ்? கோர்வையை எவடா ஒண்டியா நெய்யறா? அவளுக்கு இன்னா நாலு கையா?"

"பத்து வருஷம் ஆகாம இன்னா பண்ணும்? ஒண்டியா நெய்ஞ்சா இருவது வருஷம்கூட ஆவும்!" என்றது இன்னொரு குரல். கூடம் சிரித்தது. அழுதுகொண்டிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மேலிருந்து வர்த்தமானன், "இன்னா, படம் போயிடுச்சா?" என்று பதறினார்.

வீரபாகு குனிந்து, "ஸ்டுடியோல இடம் இல்ல ரேணு, ரெண்டு பேர் உக்காந்தா கேமராவுல அடங்கல. அதெல்லாம் யார் பாக்கப்போறாங்கன்னு நெனைச்சேன்" என்றான். ரேணுவின் கண் டி.வி. பெட்டியிலேயே இருந்தது, கனகாவின் வலப்பக்கத்தில். அங்கே ஒன்றுமே இல்லை. சுவர்தான் இருந்தது.

நாடகத்தின் கடைசியில் கதாநாயகன் வந்தான். மணி அடித்தது. "கனகா, நம்ம நிச்சயத்துக்கு வாங்கின வெத்தலையை என்ன பண்ணினே?" என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அதை யாருமே ரேணுவிடம் கேட்டதில்லை. வீரபாகு நினைத்துப் பார்த்திருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை அறுபது பேரும் பார்த்தார்கள்.

"பத்திரமா வெச்சிருக்கேன். எப்பவும் உங்களுக்காகத்தான்" என்றாள் பெட்டிக்குள் இருந்த கனகா. முடிந்தது.

யாரோ கூடத்து விளக்கைப் போட்டார்கள். வீரபாகு எழுந்து நின்றான். குரலில் நடிப்பு இல்லை.

"ரேணு, நான் பண்ணது தப்பு. அதை எல்லார் எதிர்லயும் சொல்லணும்னுதான் இதை எழுதினேன். முடிவையும் எழுதிட்டேன். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"சொல்லும்மா!" என்றாள் அத்தை. "சொல்லு ரேணு, சொல்லு" என்று முதுகுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து குரல். காந்தா சொன்ன மாதிரியேதான், கூட்டம் கையை வைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. ரேணு எழுந்தாள்.

"மாமா, தப்புன்னு ஒத்துக்கினியே, அது பெரிய விஷயம். மனசுல இருந்த முள்ளு போச்சு. நாடகமும் நல்லாத்தான் இருந்துச்சு, நானே அழுதுட்டேன். ஆனா வெத்தலையை நான் பத்திரமா வெக்கல. மறுநாளே எங்கப்பா பாதியை மென்னுட்டாரு. மீதியை மாடு தின்னுடுச்சு."

கூட்டத்தில் ஒருத்தன் களுக்கென்று சிரித்து, அடி வாங்கினான்.

"விளையாடாத ரேணு."

"விளையாடல மாமா. நீ போன அன்னிலேர்ந்து நான் உக்காந்து உன்னைப் பாத்துக்கினு இருந்தேன்னு எழுதிக்கிற. நான் நெய்ஞ்சுக்கினு இருந்தேன். நூத்துக்கு மேல கோர்வைச் சேலை இறக்கிட்டேன். ஒண்டியா இல்ல. ஒண்டியா முடியாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ தறிக்காரன் வீட்டுப் புள்ளதானே?"

"கேமராவுல அடங்கலன்னு..."

"அடங்கலன்னு அந்த ஆளையே எடுத்துட்ட. ஆறு வருஷம் என் பக்கத்துல உக்காந்த ஆளை." அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "முனுசாமி! இங்க வா."

முனுசாமி செருப்புக் குவியலுக்கு நடுவில் நின்று விழித்தான். "கேக்கு இருக்குது. நாய் வந்துரும்" என்றான்.

"வரட்டும். நீ உள்ள வா. போன தைல என்னை ஒண்ணு கேட்டியே, நினைவிருக்குதா?"

அவன் முகம் சிவந்துபோனது. "இங்கியா அதைப் பேசற?"

"இங்கதான். அன்னிக்கு ஊரு இன்னா சொல்லும்னு கேட்டேன். இதோ ஊரு மொத்தமும் இங்கியே உக்காந்துக்கினு இருக்குது. இன்னொரு வாட்டி கேளு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கரை போடறவனுக்கா? நம்ம சனத்துல இல்லாதவனுக்கா? உங்கப்பன் இருந்தா இந்த வார்த்தை பேசுவியாடி?"

"எங்கப்பா போனப்புறம் எந்தச் சனம் அத்தை வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு? நீயே சொல்லு. எதிர் வீடுதானே உனக்கு?"

அத்தை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். கூடத்தில் தலை குனிந்தவர்களில் அர்ஜுனன் மேஸ்திரியும் ஒருவர். அந்த நாட்களில் கரை போட ஆள் கேட்டு அவர் வாசலிலும் ரேணு போய் நின்றிருக்கிறாள்.

முனுசாமி உள்ளே வந்தான். அறுபது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். வேட்டி நுனியை இறக்கிவிட்டுக்கொண்டான். கேட்கத்தான் போகிறானா, ஓடத்தான் போகிறானா என்று ரேணுவுக்கே ஒரு நொடி புரியவில்லை.

"ரேணு, நாம கட்டிக்கலாமா?" அன்றைக்குக் கேட்ட அதே மூணு வார்த்தை. ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"கட்டிக்கலாம்" என்றாள் ரேணு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி.

முதலில் ஒரே ஒரு கைத்தட்டல், காந்தாவுடையது. பிறகு நூல் சுற்றுகிற பெண்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் தட்டவில்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். "நாளைக்கு இவளுக்கு எவன் பாவு நூல் கொடுக்கறான்னு பாக்கறேன்" என்றார் இன்னொருவர்.

"நான் கொடுக்கறேன்" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. கையெல்லாம் துருவோடு வர்த்தமானன் இறங்கி வந்துகொண்டிருந்தார். "நேரத்துக்குச் சேலை இறக்கற தறி, அதை எதுக்கு நான் விடணும்? அது கிடக்கட்டும், நாடகம் முடிவு இன்னா ஆச்சு? ஒருத்தரும் சொல்லலியே."

வீரபாகு இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். ரேணு அவனைக் கடந்து போகும்போது தாழ்ந்த குரலில், "நான் நெஜமாத்தான் வந்தேன் ரேணு" என்றான்.

"தெரியும் மாமா. அதனாலதான் உனக்கு நெஜமாவே பதில் சொன்னேன்."

வாசலில் நாய் வரவில்லை, கேக் அப்படியே இருந்தது. ரேணு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெரு விளக்குக்கு அடியில் போய் நின்றாள். ஜன்னலில் தலைகள், நிலைப்படியில் தலைகள், அத்தை வீட்டு வாசலிலும் ஒரு தலை. அட்டையைக் கிழித்து, கத்தி கித்தி எதுவும் இல்லாமல், கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்து முனுசாமியிடம் கொடுத்தாள்.

"எல்லாரும் பாக்கறாங்க ரேணு. வூட்டுக்குள்ள போயிடலாமா?"

"பாக்கட்டும். சாப்பிடு."

அவன் வாயில் போட்டு மென்றான். "முந்திரி நெறைய போட்டுக்கிறான்" என்றான்.

"அதுல எல்லாம் மாமா கஞ்சம் பண்ணாது" என்றாள் ரேணு. தனக்கும் ஒரு பெரிய துண்டாகப் பிய்த்துக்கொண்டு, நடுத்தெருவிலேயே நின்று, அவசரமே இல்லாமல் தின்றாள்.